சென்ரர் ஹாவுக்கு ஒரு சோடா

வைத்திலிங்கத்தார் வீட்டு விறாந்தையில் நாங்கள் வரிசையாக இருந்தோம். மட்ச் வென்றுவிட்டு நேரே வந்திருந்தோம். எல்லோருடைய முழங்காலிலும் மைதானத்துச் செம்மண். வியர்வை காயாத ஜேர்சி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து தட்டத்தில் தேத்தண்ணி வந்தது. சில்வர் பேணிகளில் ஆவி பறந்தது. ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். தட்டம் என்னிடம் வருவதற்குள் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பின்னால் வைத்திலிங்கத்தாரின் மனைவி, எங்கள் அணி நேசனின் அம்மா, ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். ஒறேஞ் சோடா. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தது. போத்தலின் வெளிப்புறமெல்லாம் தண்ணீர் துளித்திருந்தது.

"சென்ரர் ஹாவுக்குச் சோடா" என்றார் வைத்திலிங்கத்தார், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி. "உவன்தானே இண்டைக்கு மட்சை வெண்டு தந்தவன்."

பொடியள் கைதட்டினார்கள். நேசன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். அந்த வீட்டின் கடைசி மகன் அவன்.

"மச்சான், ஒரு முடறு தாடா" என்று கையை நீட்டினான்.

நான் போத்தலைக் கொடுக்கப் போனேன். உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் வெட்டிக்கொண்டு வந்தது. "நேசன்! இஞ்சை வா கெதியா! உன்ரை தேத்தண்ணி ஆறுது."

அவன் எழும்பிப் போனான். நான் முழுச் சோடாவையும் ஒருவருக்கும் கொடுக்காமல் குடித்தேன். கடைசியில் மூக்குக்குள் காற்று ஏறிக் கண் கலங்கியது. உலகத்தில் என்னைப் போல ஒருவன் இல்லை என்று நினைத்தேன். இப்போது நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடுவில் நிற்பவன்

சென்ரர் ஹாவ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. உதைபந்தாட்டத்தில் நடுவில் நிற்பவன். பின்னாலிருந்து வருகிற பந்து அவனிடம்தான் வரும். எந்தப் பக்கம் போவது, யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று அவன் ஒரு மூச்சுக்குள் தீர்மானிக்க வேண்டும். கோல் அடிப்பவன் வேறொருவன். கைதட்டலும் அவனுக்குத்தான்.

எங்கள் கல்லூரி அணியில் கோல் அடிப்பவன் நேசன். றைற் விங்கில் ஓடுவான். நான் அவனைப் பார்த்து அடிப்பதில்லை. அவன் போய்ச் சேரப்போகிற இடத்தைப் பார்த்து அடிப்பேன். அவனும் திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். பந்து வரும் என்று அவனுக்குத் தெரியும். அப்படி ஒரு நம்பிக்கையை நான் பிறகு எந்த மனிதரிடமும் கண்டதில்லை. கோபம் இத்தனை காலம் ஆறாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களைப் பழக்கியவர் சற்குணம் மாஸ்ரர். விஞ்ஞானம் படிப்பித்தவர். "உவன்தான்ரா எங்கடை மூளை" என்று என்னைக் காட்டி எல்லோருக்கும் சொல்வார். நல்ல பாராட்டுத்தான். ஆனால் மூளை மட்டும் போதுமா? எனக்கு வாயும் வயிறும் இருந்ததை அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் சீவல் தொழில் செய்தவர். பனையில் ஏறிக் கள்ளும் கருப்பநீரும் இறக்குவார். மைதானத்துக்கு மேற்கே இருந்த பனங்காணி வைத்திலிங்கத்தாருடையது. அந்த மரங்களைத்தான் அப்பா சீவினார். பின்னேரம் நாங்கள் பந்தடிக்கும் நேரத்தில் அவர் ஏதாவது ஒரு பனையின் உச்சியில் இருப்பார். மைதான ஓரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. மட்ச் முழுவதையும் மேலேயிருந்து பார்த்துவிடுவார்.

விளையாட்டுச் சட்டம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஒருமுறை நடுவர் ஓஃப்சைட் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "ஏன்ரா நிக்கிறியள்? அடியுங்கோவன்ரா!" என்று வானத்திலிருந்து ஒரு சத்தம். மைதானம் முழுவதும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. நடுவரும் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

அப்பாவின் பெயர் கந்தையா. வைத்திலிங்கத்தார் வீட்டில் அவர் கந்தன். பெயரில் இருக்கிற ஐயாவைக்கூட வெட்டி எடுத்துவிடுகிற வீடு அது. அப்பா அங்கே பின்படலையால் போய்ப் பின்படலையால் வருவார். நான் ஜேர்சி போட்டுக்கொண்டு முன் கேற்றால் போனேன். ஒரு ஜேர்சி மனிதனை எவ்வளவு மடையனாக்கும் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது.

அம்மா கேட்டது

அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்படியில் இருந்தார்.

"அம்மா, நேசன் வீட்டிலை எனக்குச் சோடா தந்தவை."

"மற்றப் பொடியளுக்கு?"

"அவைக்குத் தேத்தண்ணி. எனக்கு மட்டும்தான் சோடா."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுப்பை ஊதினார். "போய்க் குளி, மோனை. மேலெல்லாம் மண்" என்றார்.

அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. எனக்கு விளங்க வருடக்கணக்கானது. எங்கள் ஆட்கள் வாய் வைத்த பேணியில் அந்த வீட்டார் பிறகு குடிக்க மாட்டார்கள். அப்பாவுக்குப் பின்வளவில் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஜேர்சியோடு வந்த கல்லூரிப் பொடியனுக்கு, மாஸ்ரர் பார்த்துக்கொண்டிருக்க, சிரட்டை நீட்ட முடியுமா? ஆகவே சோடா. குடித்து முடித்ததும் போத்தல் கடைக்குத் திரும்பிப் போய்விடும். கழுவுகிற வேலையும் இல்லை, ஒருவருக்கும் மனநோவும் இல்லை. என்ன நாகரிகம் பாருங்கள்!

உனக்குத் தெரியவில்லையா, தெரிந்துகொள்ள விருப்பமில்லையா என்று சிலர் கேட்பீர்கள். பதினைந்து வயதுப் பொடியனின் கையில் குளிர்ந்த சோடாவைக் கொடுத்துவிட்டு, அவன் ஏன் ஆராய்ச்சி செய்யவில்லை என்று கேட்பது நியாயமில்லை. ஊரில் எது எப்படி என்று எனக்கும் தெரியும். தேத்தண்ணிக் கடையில் தெரியும், கோயில் வீதியில் தெரியும். மைதானத்துக்குள் அது வராது என்று நினைத்துவிட்டேன்.

ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அதே விறாந்தை, அதே சோடா. நான் இன்னும் நன்றாக விளையாடினேன்.

கப்டன் வீட்டுச் சாப்பாடு

எங்கள் கல்லூரியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. இறுதிப் போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் முழு அணிக்கும் கப்டன் வீட்டில்தான் சாப்பாடு. மாஸ்ரரும் வருவார். சாப்பிட்டு எழும்பிய பிறகு கப்டனின் தாய் ஒவ்வொருவர் நெற்றியிலும் திருநீறு பூசி அனுப்புவார். அந்தக் கையால் பூசிக்கொண்டு போனால் வெற்றி என்று பொடியளுக்கு ஒரு எண்ணம்.

எனக்குக் கப்டனாக வேண்டும். அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆட்டத்தை நடத்துபவன் நான். கப்டன் என்ற பெயரும் எனக்கு வர வேண்டும் என்று விரும்பினேன். அம்மாவுக்கு என்னைவிட ஆசை. கடைசி வருடம் நெருங்கும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம், "என்ரை பிள்ளை கப்டனாய் வந்தால் அவ்வளவு பேருக்கும் பால்புட்டு அவிச்சுக் குடுப்பன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. குசினி நிலத்தைப் புதிதாக மெழுகினார். ஓலைவேலியில் ஓட்டையாய் விழுந்திருந்த பொட்டைக் கட்டச் சொல்லி அப்பாவைக் கரைச்சல் படுத்தினார்.

கப்டனாக நேசனைப் போட்டார்கள்.

சற்குணம் மாஸ்ரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோளில் கை போட்டார். "உனக்கேன்ரா உந்தப் பாரம்? கப்டனெண்டால் ஓடித்திரியிற வேலை கனக்க. நீ விளையாட்டைப் பார். எல்லாருக்கும் தெரியும் நீதான் எங்கடை மூளை எண்டு."

பாதி நம்பினேன். மற்றப் பாதிக்கு விளக்கம் யாரிடமும் கேட்கவில்லை. இன்றைக்கு அந்தப் பாரத்தின் விபரம் எனக்குத் தெரியும். நான் கப்டனானால் அவ்வளவு பேரும் எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டும். மாஸ்ரருக்குத் தாங்க முடியாத பாரம் அதுதான்.

கனடாவிலிருந்து ஒரு குரல்

போன கிழமை இந்தத் தொடரில் கல்லூரிக் காலம் வரப்போகிறது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நேசன் தொலைபேசி எடுத்தான். கனடாவில் இருக்கிறான். பேரப்பிள்ளை கண்டுவிட்டான். குரல் மட்டும் மாறவில்லை.

"மச்சான், உதுகளை ஏன் இப்ப கிளறுறாய்? அப்பாவும் போய்ச் சேர்ந்திட்டார். அம்மாவும் இல்லை."

"எதுகளை?" என்று கேட்டேன். அவன் வாயால் வரட்டும் என்று.

"அதுதான்… அந்தச் சோடாக் கதை. அது அந்தக் காலத்துப் பழக்கம். உனக்கு ஒண்டும் குறைச்சுத் தரேல்லையே. தேத்தண்ணியை விடச் சோடா விலை கூட. காசு குடுத்து வாங்கித்தானே தந்தவை."

"அப்ப நீ ஏன் ஒருநாளும் எனக்குத் தேத்தண்ணி தரேல்லை?"

"நான் சின்னப் பொடியன்தானே, மச்சான்" என்றான்.

நானும் சின்னப் பொடியன்தான். தொலைபேசியை வைத்தேன். வைத்த பிறகு இரண்டு நாள் எரிச்சல் அடங்கவில்லை. என் மனைவி, "உவரோடை கோபமெண்டால் என்னிலை ஏன் பாயிறியள்?" என்று கேட்டாள். இதோ, எழுதுகிறேன்.

சோடா இல்லாத வருடம்

எங்கள் அந்தக் கடைசி வருடம் யுத்தத்தால் கொழும்புப் பாதை பூட்டியிருந்தது. பொருளாதாரத் தடை. கரண்ட் கிடையாது. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் சோதனைக்குப் படித்தோம். பந்தின் பிளாடர் வெடித்தால் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டுவோம். அது ஒரு பக்கம் வீங்கி, உருளும்போது தெத்தித் தெத்திப் போகும். அந்தப் பந்தை வைத்துக்கொண்டுதான் இறுதிப் போட்டி வரை வந்தோம்.

அதற்குள் நேசன் போய்விட்டான். பொடியள் ஒவ்வொருவராக இயக்கத்துக்கும் வெளிநாட்டுக்குமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வைத்திலிங்கத்தார் மகனை எப்படியோ கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து வெளியே எடுத்துவிட்டார். அவன் என்னிடமும் சொல்லவில்லை. அதை நான் மன்னித்துவிட்டேன். பயம் எல்லோருக்கும் இருந்தது.

கப்டன் இல்லை. வேறு வழியில்லாமல் கைப்பட்டியை என் கையில் கட்டினார் மாஸ்ரர். "இப்ப நீதான் கப்டன்" என்றார். இறுதிப் போட்டியைப் பார்க்க மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள் என்றும் காதுக்குள் சொன்னார். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அம்மா அரிசியை ஊறப் போட்டார்.

முதல் நாள் காலையில் செய்தி வந்தது. சாப்பாடு வைத்திலிங்கத்தார் வீட்டில்.

கப்டன் நாட்டிலேயே இல்லை. ஆனால் கப்டன் வீட்டுச் சாப்பாடு அவன் வீட்டில்! "அவை முதலே சமைக்கத் துவங்கிட்டினமாம்" என்றார் மாஸ்ரர். அம்மா ஊறிய அரிசியைப் பார்த்தார். "விடு தம்பி, பெரிய இடம். போட்டு வா" என்றார். போனேன். போயிருக்கக் கூடாது.

வாழையிலையில் சாப்பாடு. வரிசையின் கடைசி இலை எனக்கு. எனக்கும் பக்கத்து இலைக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிற இடம் காலியாகக் கிடந்தது. அன்று அதைக் கண்டேன். கண்டும் சாப்பிட்டேன்.

பிறகு தேத்தண்ணி. சீனி இல்லாத காலம். ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி. அந்த வீட்டுப் பனங்கட்டி எது தெரியுமா? அப்பா இறக்கிக் கொடுத்த கருப்பநீரில் காய்ச்சியது. மற்றவர்கள் சில்வர் பேணியை எடுத்துப் பனங்கட்டியைக் கடித்தார்கள். நான் சோடாவுக்குக் காத்திருந்தேன். கடைகளில் சோடா என்ற ஒன்று இல்லாமல் போய் மாதக்கணக்காகிவிட்டதை அந்த நிமிடம் யோசிக்கவில்லை.

நேசனின் அம்மா ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுவந்தார். அதற்குள் தேத்தண்ணி. என் பக்கத்தில் வைத்தார்.

எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் மணந்தது. விளக்காக எரிந்த போத்தல்.

அந்த வீட்டில் குடித்த அத்தனை சோடாவும் ஒன்றாக என் தொண்டைக்கு வந்தது. ஒன்றுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பொடியள் எல்லோரும் தங்கள் தங்கள் பேணிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதலே தெரியும். எல்லோருக்கும் தெரியும்! கைதட்டியபோதும் தெரியும். வைத்திலிங்கத்தார் மேல் இல்லாத கோபம் அந்தக் குனிந்த தலைகள் மேல் எனக்கு இருக்கிறது.

"அம்மா, எனக்கும் ஒரு பேணி தாறியளோ?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "உதிலை குடி தம்பி. உது கழுவினதுதான்."

"என்ன அங்கை கரைச்சல்?" என்று சாய்மனைக் கதிரையிலிருந்து குரல் வந்தது. அவரே பதிலும் சொன்னார். "பொடியனுக்குச் சோடா ஒண்டு எடுப்பிக்கேலாமல் போச்சுது. சாமான் ஒண்டும் வருகுதில்லை எல்லே."

தடையின் பிழை என்பது போலச் சொன்னார். உண்மையாகவே கவலைப்பட்டார். அதுதான் வயிற்றெரிச்சல்.

மாஸ்ரர் என் தோளில் கை போட்டார். "நாளைக்கு மட்ச். உதை இப்ப பெரிசாக்காதை, கப்டன்."

தோளைக் குலுக்கி அந்தக் கையை எடுத்தேன். ஜாம் போத்தலை விறாந்தையின் நடுவில் வைத்தேன். முன் கேற்றால் வெளியே வந்தேன்.

வீதியில் நின்ற சைக்கிள்கள்

மறுநாள் விடியவே மாஸ்ரர் எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார். பின்னேரம் மட்ச். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "கப்டன் வீட்டிலைதானே சாப்பாடு, சேர்? நான் கப்டன். எல்லாரும் இஞ்சை வந்து சாப்பிடட்டும். பேந்து போய் விளையாடுவம்."

"அது நடக்கிற காரியமே, தம்பி?"

"அப்ப மட்சும் நடக்கிற காரியமில்லை."

மாவட்ட அணி போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மாஸ்ரர் அதையும் சொல்லிப் பார்த்தார். "உன்ரை எதிர்காலத்திலை நீயே மண் போடுறாய்" என்றார். மண் யார் போட்டது என்று திருப்பிக் கேட்டேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அம்மா மாவை வறுத்தார். தேங்காய் திருவினார். மத்தியானத்துக்கு முன்பே பால்புட்டு ஓலைப்பெட்டியில் ஆவி பறக்க இருந்தது. அப்பா அன்று பனைக்குப் போகவில்லை. சேவ் எடுத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படலையில் நின்றார்.

வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். வீதியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

"உள்ளை வாங்கோ தம்பியவை" என்றார் அப்பா.

"சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்" என்றான் ஒருவன்.

"வயிறு நிரம்பினால் ஓடேலாது" என்றான் இன்னொருவன்.

கோல்கீப்பர் சந்திரன் மட்டும் சைக்கிளைச் சரித்துப் போட்டான். "எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தான். சப்பாணி கட்டி இருந்து, அம்மா போடப் போடத் தின்றான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். திருநீறு பூசக் குனிந்தான். அன்று இரவு அவன் தகப்பன் அவனைப் பூவரசந் தடியால் அடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"நான் சாப்பிட்டன். வா மச்சான், போவம்" என்று கூப்பிட்டான்.

"நீ ஒருத்தன்தானே சாப்பிட்டனீ. மற்றவையும் வரட்டும்" என்றேன்.

அவர்கள் வரவில்லை. நானும் போகவில்லை. மிஞ்சிய புட்டை அயலுக்குக் கொடுத்தோம். பின்னேரம் மைதானப் பக்கமிருந்து கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அது எங்கள் பக்கத்துக் கூச்சல் இல்லை என்று கேட்டவுடனேயே தெரிந்தது.

கல்லூரி தோற்றது. கல்லூரியை விற்றவன் என்று எனக்குப் பெயர் வந்தது. அந்த வருடத்து அணிப் படம் இன்றும் அங்கே சுவரில் தொங்குகிறதாம். நான் அதில் இல்லை. படம் எடுத்த அன்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மாவட்ட அணிக்காரர் வேறொரு கல்லூரியின் சென்ரர் ஹாவை எடுத்துக்கொண்டு போனார்கள். அவனுடைய ஆட்டம் எனக்குத் தெரியும். இடது காலால் பந்தைத் தொடவே மாட்டான்.

அடுத்த சீவல் பருவத்துக்கு அப்பா போனபோது வைத்திலிங்கத்தார், "இந்தமுறை மரத்தை வேறை ஆளுக்குக் குடுத்திட்டன், கந்தன்" என்றாராம். காரணம் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. நாங்கள் அம்மாவின் ஊருக்குப் போனோம். சாவகச்சேரிக்குக் கொஞ்சம் தள்ளி, தென்னைகள் நிறைந்த ஒரு சின்ன வளவு. அங்கே சனசமூக நிலையத்து அணியில் சில காலம் விளையாடினேன். பிறகு முழங்கால் போனது. என் விளையாட்டு வாழ்க்கை அவ்வளவுதான். எழுதி முடிக்க ஒரு பந்திகூடத் தேவைப்படவில்லை.

ஐப்பசி மழை

சில வருடங்களுக்குப் பிறகு அந்த ஐப்பசி வந்தது. ஆமி கிட்ட வந்துவிட்டதென்று, எங்கள் பழைய ஊர் இருந்த வலிகாமம் முழுவதும் ஒரேயடியாக எழும்பிப் பாலத்தைக் கடந்து நாங்கள் இருந்த தென்மராட்சிக்கு வந்தது. மழை. சேறு. முதுகில் பிள்ளை, தலையில் பெட்டி, சைக்கிளில் கிழவி. எங்கள் வளவு வாசலால் சனம் விடிய விடிய நகர்ந்தது. விடிந்த பிறகும் நகர்ந்தது.

அம்மா படலையை அகலத் திறந்து வைத்தார். பெரிய பானையில் தேத்தண்ணி கொதித்தது. வந்தவர் போனவர் எல்லோரும் இருந்து குடித்துவிட்டுப் போனார்கள். நான் ஊற்றிக் கொடுத்தேன். பேணியைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுத்தேன். யார், எந்த ஊர் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு நாள் போதும் போலிருக்கிறது, மனிதர் திருந்த. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குக் கிட்ட வைத்திலிங்கத்தார் வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. சைக்கிளின் கரியரில் ஒரு சூட்கேஸ். பின்னால் நேசனின் அம்மா செருப்பில்லாமல் நடந்து வந்தார். இருவரும் படலையில் நின்றார்கள். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ… கந்தன்ரை பொடியன் எல்லே?"

"ஓம்."

உதடு காய்ந்து வெடித்திருந்தது. இரவு முழுவதும் நடந்திருக்கிறார்கள். நான் பேணியில் தேத்தண்ணியை ஊற்றி நீட்டினேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், அந்த நேரம் என் மனதில் ஒரு கோபமும் இல்லை. வயதான ஒருவர் நனைந்துகொண்டு நிற்கிறார், அவ்வளவுதான்.

அவர் பேணியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. தலையைத் தூக்கி வளவுக்குள் பார்த்தார்.

"இளநீர் கிளநீர் இருக்கோ, தம்பி?"

எங்கள் ஆட்களின் வீட்டில் பேணியைத் தொடாமல் குடிக்கக் கூடியது இளநீர் ஒன்றுதான். சீவி, ஓட்டை போட்டு அப்படியே குடிக்கலாம். வீட்டை விட்டு, காணியை விட்டு, தோட்டத்தை விட்டு, அவ்வளவையும் விட்டு ஓடி வந்த மனிதர் இதை மட்டும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்!

உள்ளே இருந்த அப்பாவுக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பழைய பழக்கத்தில் எழும்பினார். கத்தியை எடுத்தார். மரத்தடிக்கு வந்துவிட்டார்.

"நீங்கள் இருங்கோ" என்றார் அம்மா.

அப்பா நின்றார். அம்மா பானைக்குப் பக்கத்திலிருந்து எழும்பிப் படலைக்கு வந்தார். பெரிய இடம், விடு தம்பி என்று ஆயிரம் தரம் எனக்குச் சொன்னவர். அவர் தலைக்கு மேலே ஒவ்வொரு தென்னையிலும் குலை குலையாய் இளநீர் தொங்கியது.

"இளநீர் இல்லை ஐயா" என்றார். "தேத்தண்ணி இருக்கு."

வைத்திலிங்கத்தார் மரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திரும்ப மரத்தைப் பார்த்தார். அம்மா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நேசனின் அம்மா முன்னுக்கு வந்தார். என் கையிலிருந்த பேணியை வாங்கி, வாயை வைத்து ஒரே மூச்சில் குடித்தார். "இன்னும் கொஞ்சம் தா, மோனை" என்றார். கொடுத்தேன். அதையும் குடித்தார். புருஷனை நிமிர்ந்து பார்க்கவில்லை. வைத்திலிங்கத்தார் சைக்கிளை உருட்டிக்கொண்டு மழைக்குள் நடக்கத் தொடங்கினார். மனைவி பேணியை என்னிடம் தந்துவிட்டு அவருக்குப் பின்னால் போனார்.

அப்பா கத்தியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். "வயசு போன மனுசன். ஏனப்பா இல்லையெண்டு சொன்னனீ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"எங்கடை வீட்டிலை என்ன இருக்கு, என்ன இல்லையெண்டு இனி நான்தான் சொல்லுவன்" என்றார் அம்மா. அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினார்.

அந்த மழையில், அந்தச் சனத்துக்குள், ஒரு கிழவரைத் தாகத்தோடு அனுப்பினீர்களே என்று இந்தக் கிழமை எனக்கு எழுதுவீர்கள். எழுதுங்கள். தேத்தண்ணி இருந்தது.